கொலம்பியாவில் அண்ணல் கற்ற சமூகவியல்

சமூகவியற் கோட்பாடு என்றாலே நம் கல்லூரி மாணவர் பலர் அஞ்சி ஒதுங்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி புகுந்தவர்க்கு அந்நூல்கள் மலையெனத் தோன்றுவது இயல்பே. அவர்கள்பொருட்டு, அண்ணல் அம்பேத்கர் அவர்கள் அத்துறையுட் புகுந்த வரலாற்றை மட்டும் ஈண்டு உரைக்க விழைகிறோம்.

1891 ஏப்ரல் 14இல் மாவ் நகரிற் பிறந்த அண்ணல், பம்பாயில் பி.ஏ. தேறி, பரோடா மன்னரின் உதவித்தொகை கொண்டு 1913இல் நியூயார்க்கை அடைந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர்க்குத் தலைமைப் பாடம் பொருளாதாரமே. ஆயினும் கிட்டிங்ஸ் என்பாரிடம் சமூகவியலும், கோல்டன்வைசரிடம் மானிடவியலும் கற்றார்.

1916 மே 9ஆம் நாள், தம் 25ஆம் அகவையில், கோல்டன்வைசரின் ஆய்வு வகுப்பில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேத்கர் ஆகிய நால்வரும் சாதிக்குக் கூறிய இலக்கணங்களை எடுத்துக்கொண்டு, இவற்றுள் எது நீங்கினால் சாதியும் நீங்கும் என ஆராய்ந்தார். செனார்ட் தீட்டினை முன்வைத்தார். பள்ளியில் தனியே கோணித்துணியில் அமர்த்தப்பட்ட ஒருவர் அதனை உடனே ஏற்றிருப்பார் என்றே நாம் எண்ணுவோம். அண்ணலோ, தீட்டு சமயச் சடங்கோடு ஒட்டியது, சாதிக்கே உரிய தனி அடையாளமன்று என ஒதுக்கினார். தாம் பட்ட துன்பமே ஆயினும், அதனைச் சான்றாக எண்ணி மயங்கவில்லை. இதனை நாம் வியந்து வியந்து படித்திருக்கிறோம். பிறரோடு உண்ணாமை என்ற நெஸ்ஃபீல்டின் கூற்றையும், விளைவைக் காரணமாகக் கொண்ட பிழை என்றார். கேத்கர் கூறிய பிறப்புரிமையும் கலப்புமணத் தடையும் இரண்டல்ல, ஒன்றே எனக் காட்டினார்.

எஞ்சியது அகமணம். அதனைப் பிடித்துக்கொண்டு எளிய கணக்கொன்று போட்டார். கணவன் இறந்தால் மனைவியும், மனைவி இறந்தால் கணவனும் குழுவில் மிகையாவர்; அவர்கள் வெளியே மணந்தால் வேலி உடையும். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமியர் மணம் ஆகிய மூன்றும் அவ்வேலியைக் காக்க வந்தவையே என்று தெளிந்தார். இவ்வழக்கம் பிற குழுக்களுக்குப் பரவியது எங்ஙனம்? மேலோரைக் கீழோர் பின்பற்றுவர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தார்தின் கோட்பாடு அங்கே அவர்க்குக் கைகொடுத்தது. வினா முந்தியது, கோட்பாடு பின்னர் வந்தது.

அக்கட்டுரை 1917 மே மாதம் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் வெளிவந்தது. 1936இல் வெளியான சாதி ஒழிப்பு நூலோடு அதனை இணைத்துத் திருத்தியெழுத அண்ணல் விரும்பினார், காலம் இடந்தரவில்லை. 1956இல் அவர் மறைந்தார். நம் சங்க நூலகத்தில் இரண்டையும் அடுத்தடுத்தே வைத்துள்ளோம். சிறியதை முதலில் எடுத்துச் செல்க.