கடுகு சொல்லும் பாடம்

தாளிக்கும் சட்டியிலே வெடிக்கிறதே கடுகு, அது எந்தக் குலம், என்ன கோத்திரம் என்று நாம் கேட்டதுண்டா? கேட்டார் ஒருவர். கொரியர் கொண்டாடும் விஞ்ஞானி ஊ சாங் சூன் அவர்!

1898-இல் டோக்கியோவில் பிறந்தார். தந்தை கொரியர், தாய் ஜப்பானியர். கொரிய அரசியின் கொலையில் சம்பந்தப்பட்டு நாட்டைவிட்டு ஓடிவந்தவர் தந்தை. 1903-இல் அவரும் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது ஐந்தே வயது. வறுமை வாட்டிற்று. பிள்ளையைச் சில காலம் கோயில் விடுதியில் விட்டுவைத்தார் தாய். 1910-இல் கொரியா ஜப்பானின் அடிமை நாடாயிற்று. ஜப்பானியருக்கு அவர் அடிமை நாட்டான் மகன்; கொரியருக்கோ துரோகியின் மகன்!

பழிக்குப் பதிலாக அவர் தந்தது உழைப்பு. அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். செடியின் உயிரணுக்களில் குரோமோசோம் என்னும் மரபுக்கோல்கள் உண்டு. முட்டைக்கோசுக்கு 9 இணை; டர்னிப்புக்கு 10 இணை. இரண்டையும் கலந்தார். 19 இணை கொண்ட செடி எழுந்தது. அது, வயல்களிலே எண்ணெய்க்காக முன்பே விளைந்துவந்த ரேப் செடியேதான்!

வேற்றினக் கலப்பிலே பிறப்பது பெரும்பாலும் மலடாக நிற்கும். ஆனால் மரபுக்கோல்கள் இரட்டித்துவிட்டாலோ, விதை பிடிக்கும். புது இனமே தோன்றும். நம் வீட்டுக் கடுகும் அப்படி வந்ததுதான். டர்னிப் இனத்தின் 10, கருங்கடுகின் 8, ஆக 18. 1935-இல் இதை உலகுக்கு உரைத்தார். அந்தக் கட்டுரையிலும் தந்தைவழிப் பெயரான ஊ என்பதையே பொறித்தார், மறைக்கவில்லை.

1945-இல் கொரியா விடுதலை பெற்றது. விடுதலை வந்தது; விதை இல்லை! ஜப்பானிய விதையையே நம்பியிருந்த நாடு அது. மனைவி மக்களை ஜப்பானில் விட்டு, 1950-இல் பூசான் நகருக்குச் சென்றார். அவ்வாண்டே போர் மூண்டது. குண்டு முழக்கத்துக்கிடையே கோசுக்கும் முள்ளங்கிக்கும் நல்விதை கண்டார். 1953-இல் தாய் மறைந்தார். ஜப்பான் சென்றுவர அரசாங்கம் அனுமதிக்கவில்லை. துக்கத்துக்கு வந்த பணத்தைக் கொண்டு, ஆராய்ச்சி நிலையத்திலே தாயின் நினைவாகக் கிணறு வெட்டினார். 1959-இல் மரணப் படுக்கையில்தான் பதக்கம் தந்தது அரசாங்கம்.

துரோகியின் மகன் என்று தூற்றிய நாட்டுக்குச் சோறும் கறியும் தந்துவிட்டுச் சென்றார் அவர். பிறப்பைக் கொண்டு மனிதனை அளப்போரே, இதற்கு என்ன பதில்?

கலப்பு மணம் குலத்தைக் கெடுக்கும் என்று இன்னமும் கூறுவோர் உண்டு. தோழர்களே, அவர்கள் வீட்டு அடுக்களையிலும் அன்றாடம் கமழ்வது கலப்பு மணமே!