நகையும் ஆணவமும்
அருணந்தி சிவாசாரியார் சரிதத்தில் ஓர் ஆராய்ச்சி

பிறர் இடறி விழக் கண்டுழி நகுதல் மாந்தர்க்கு எளிதில் நிகழ்வதொன்று. கால் இடறினாரைக் கண்டு நகுவோர் கல்லாதார். சொல் இடறினாரைக் கண்டு நகுவோர் கற்றார். இவ்விருவருள் பின்னையோர் நகையே கொடிது. என்னை? முன்னையது கணப்பொழுதிற் கழியும். பின்னையது அறிவின் பயனென்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு நெஞ்சில் நிலைபெறும். அவைக்கண் ஒருவன் எடுத்த ஏது போலியாய் ஒழிந்தபோதும், அவன் காட்டிய எடுத்துக்காட்டு அவனையே மறுத்து நின்றபோதும், எதிர்நின்றாருக்குண்டாகும் உவகை மெய்ப்பொருள் துணியப்பட்டதனால் வந்த உவகையோ, ஒருவன் வீழ்ந்தமையால் வந்த உவகையோ என்று ஆராய்வார் சிலரே.

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களங்கள் வகுத்த ஆசிரியர் தொல்காப்பியனார், எள்ளலை அவற்றுள் முதற்கண் வைத்தார். தான் பிறரை எள்ளுதலும், பிறரால் தான் எள்ளப்படுதலும் ஆகிய இரண்டும் அதன்கண் அடங்குமென்பது பேராசிரியர் கருத்து. இலக்கண நூலார் அதனை மெய்ப்பாடாக மட்டுங் கண்டனர். அதனை மலத்தின் குணமாகவே கண்டு உரைத்தவர் நம் சந்தானகுரவருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியார். அவர் அதனைக் கண்டது ஏட்டிலன்று, தம்மிடத்தே. ஆதலின் அவர் சரிதம் ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

அருணந்தி சிவாசாரியார் கி. பி. 13-ஆம் நூற்றாண்டினர். நடுநாட்டுத் திருத்துறையூரில் ஆதிசைவ மரபில் தோன்றியவர். சைவாகமங்களை ஐயந்திரிபறக் கற்றுத் துறைபோயினமையால் சகலாகமபண்டிதர் என்னும் பெயர் அவர்க்கு வழங்குவதாயிற்று. அப்பெயர் பிறர் இட்டதாயினும், நாளடைவில் அதனைச் சுமத்தல் தமக்குரிய கடமையென்று எண்ணும் நிலை எய்தியது போலும்.

அவரைக் குலகுருவாகக் கொண்டவருள் பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் ஒருவர். மகப்பேறின்றி வருந்திய அவர் தம் குருவை அடைந்து உய்யும் வழி வேண்டினார். பண்டிதர் தேவாரத் திருமுறைக்குப் பூசனை புரிந்து கயிறு சாத்திப் பார்த்தனர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவெண்காட்டுக்கு அருளிய பதிகத்தில், அத்தலத்து முக்குள நீராடுவார் மகப்பேறு முதலியன எய்துவரென்னும் பொருளுடைய பாசுரம் வந்தது. அதன்வழி நின்று களப்பாளர் மனைவியாரோடு திருவெண்காடு சென்று நோற்றனர். பிறந்த திருமகனார்க்குச் சுவேதவனப்பெருமாள் என்னும் பெயர் இடப்பட்டது. மாமனார் அப்பிள்ளையைத் திருவெண்ணெய்நல்லூர்க்குக் கொண்டுசென்று வளர்த்தனர். ஆண்டுப் பரஞ்சோதி முனிவர் அவரைக் கண்டு ஞானோபதேசஞ்செய்து மெய்கண்டார் என்னும் திருநாமம் அளித்தனர். பிள்ளைப் பருவத்திலேயே சிவஞானபோதப் பொருளை மெய்கண்டதேவர் மாணாக்கர்க்கு அருளிச்செய்வாராயினர்.

இச்செய்தி திருத்துறையூர்க்கு எட்டிற்று. பண்டிதரிடத்துப் பாடங்கேட்டு வந்த மாணாக்கரிற் பலர் திருவெண்ணெய்நல்லூர்க்குச் செல்லத் தொடங்கினர், சென்றவர் மீண்டிலர். தாம் கயிறு சாத்திப் பார்த்த திருவருட் பயனாகப் பிறந்த பிள்ளை. குலகுருவாகிய தம்மை வந்து வணங்க வேண்டிய பிள்ளை. அப்பிள்ளையினிடத்து முதிர்ந்த மாணாக்கர் சென்றிருத்தல் பண்டிதர்க்குப் பொறுக்கலாற்றாததாயிற்று. அது பொய்யென்று காட்டல் எளிதென்னும் துணிவோடு அவர் திருவெண்ணெய்நல்லூர்க்கு எழுந்தருளினர்.

ஈண்டு ஒன்று நினைவுகூரத்தக்கது. திருவெண்ணெய்நல்லூர் முன்னரே ஒரு வழக்கில் நகைத்தவர் தோற்ற ஊராகும். புத்தூரில் மணப்பந்தரிலே முதிய அந்தணராய் வந்த இறைவன் நம்பியாரூரரைத் தமக்கு அடிமையென்று கூறியபோது அவையோர் சிலர் நகைத்தனர். நம்பியாரூரரும் அம்முதியவரைப் பித்தரென்று இகழ்ந்தனர். உலகத்தார் அறிவுக்கு அக்கூற்று நகைத்தற்குரியதே. ஆயினும் ஓலை காட்டப்பட்டபோது, நகைத்த பக்கமே திருவெண்ணெய்நல்லூர் அவையில் வீழ்ந்தது. இகழ்ந்துரைத்த சொல்லே பின்னர்த் திருப்பதிகத்தின் முதற்சொல்லாயிற்று. அந்நம்பிகள் தவநெறி வேண்டிப் பாடிய தலமே பண்டிதர் பிறந்த திருத்துறையூர். இவ்விரண்டு ஊரும் பண்டிதர் வாழ்விலும் அவ்வாறே அமைந்தன.

பண்டிதர் வந்து நின்றபோது மெய்கண்டதேவர் ஆணவமலத்தின் இயல்பை மாணாக்கர்க்கு விளக்கிக்கொண்டிருந்தனர்; வந்தாரை எதிர்கொள்ள எழுந்திலர். பண்டிதர் நின்றபடியே ஆணவத்தின் சொரூபம் யாதென்று வினாவினர். மெய்கண்டதேவர் மறுமொழி கூறாது அவரையே சுட்டிக் காட்டினர். விரலாற் சுட்டினாரென்பாரும், திருவடி தொடங்கித் திருமுடிகாறும் நோக்கியருளினாரென்பாரும் உளர். பண்டிதர் அக்கணமே வீழ்ந்து வணங்கினர்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வார் பெரும்பாலும் விரைந்து சொல்லிக் கடந்து செல்வர். கேட்போரும் பண்டிதர் செருக்கு அடங்கியதென்று மகிழ்ந்து தலையசைப்பர். அம்மகிழ்ச்சியினுள்ளே அவர் கொண்டுவந்த குற்றமே நம்பால் தங்கிவிடுகின்றது என்பதை நாம் நோக்குவதில்லை. தோற்றவரைக் கண்டு மகிழுங்கால் நாம் மெய்கண்டார் பக்கத்து நிற்கின்றோமென்று எண்ணுகின்றோம். நிற்பதோ பண்டிதர் வந்து நின்ற இடத்திலே.

அச்சுட்டு வாதமாமோ, அன்றி வசைதானோ எனின், வாதமே என்க. ஆணவம் தனக்கென்று காணப்படும் உருவில்லாதது. இருள் பிற பொருள்களை மறைத்துத் தன்னுருவைக் காட்டும்; ஆணவமோ உயிரின் அறிவை மறைத்துத் தன்னையும் காட்டாது நிற்கும். ஆதலின் அதனைச் செயல்கொண்டே உணர்தல் வேண்டும். செயல் விளங்கும் இடம் அந்நேரத்தில் அவ்வவையில் ஒன்று இருந்தது. மெய்கண்டதேவர் அதனைக் காட்டினர். வினாவுக்கு நேர்விடையும், விடைக்கு எடுத்துக்காட்டும் ஒருங்கே அமைந்தன.

பண்டிதர் நினைந்திருப்பின் தப்பும் வழிகள் இல்லாமலில்லை. சொரூபலக்கணம் கேட்டார்க்கு ஆளைச் சுட்டல் வழுவென்று கூறியிருக்கலாம். பிள்ளை பெரியோரை அவமதித்ததென்று வெகுண்டிருக்கலாம். சிறு நகையொன்று நகைத்துவிட்டுத் தம்மூர்க்கு மீண்டிருக்கலாம். நியாய நூலார் தோல்வித்தானம் 22 என வகுத்தனர். அவற்றுள் எதனையும் எதிரிமேல் ஏற்றவல்ல கல்வி அவர்க்கு இருந்தது. அக்கல்வியை அவர் அப்பொழுது பயன்கொள்ளவில்லை. தம்மைச் சுட்டியது மெய்யென்று கண்டார்; கண்டவுடன் ஒப்பினார். வென்றவர் எள்ளி நகைத்ததாக நாம் கேட்டுவரும் வரலாற்றில் ஒரு சொல்லும் இல்லை. தோற்றவரை அவர் மாணாக்கராக ஏற்று, அருணந்தி என்னும் தீக்கைப் பெயர் அளித்து, சிவஞானபோதத்தை உபதேசித்தருளினர். தம் மாணாக்கராயிருந்தவர் நடுவே தாமும் ஒரு மாணாக்கராய் அமர்தல் பண்டிதர்க்கு எத்துணை அரிதாயிருந்திருக்குமென்பதைக் கற்பிக்கும் தொழிலுடையார் அறிவர்.

இங்ஙனம் பெற்ற அறிவின் முதற்பயனை இருபாவிருபஃதில் காண்கின்றோம். வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறிமாறி வரும் 20 செய்யுட்களால் ஆகிய அந்நூல், ஆசிரியரை முன்னிலைப்படுத்தி வினாக்களை எழுப்புவது. வினாவுதல் அவரை விட்டு நீங்கவில்லை. வினாவினது நிலை மாறிற்று. முன்னர் எதிரியை வீழ்த்த எழுந்த வினா, இப்பொழுது தம் மயக்கந் தீர எழுந்தது.

அந்நூலிலே மும்மலங்களின் குணங்களை வகுத்தோதுமிடத்து, ஆணவத்திற்கு எட்டுக் குணங்கள் கூறப்பட்டுள்ளன. குரோதம், மோகம், மதம், கொலை ஆகியவற்றோடு ஒருங்கு எண்ணப்பட்டது நகை. கொலையொடு நகையை ஒரு நிரையில் வைத்தல் மிகையென்று தோன்றலாம். மிகையன்று. பிறனொருவனை எளியனாகக் கண்டு நகுங்கால், அவனது அறிவும் மானமும் நம் கணக்கில் இல்லாதொழிகின்றன. அவன் திருந்துதற்குரிய வழியும் அடைபடுகின்றது. நகைக்கப்பட்டவன் தன் பிழையை விடுவதினும் அதனைக் காத்தற்கே பெரிதும் முயல்வன். குழவி நகையும் அன்பர் நகையும் இதன்கண் அடங்கா. உயர்வெண்ணம் பற்றி எழும் நகையே ஈண்டுக் கொள்ளற்பாலது. பிறரை நிந்தித்தலாகிய பரநிந்தையைக் கன்மத்தின் குணங்களுள் வைத்து, நகையை ஆணவத்தின் குணங்களுள் வைத்தமை நுணுகி நோக்கத்தக்கது. நிந்தை செயலாய் வெளிப்படுவது. நகையோ அதற்கு வேராய் உள்ளே கிடப்பது.

இனி, ஓர் ஐயம் எழும். இவ்வாறு கூறிய ஆசிரியரே சிவஞானசித்தியார் இயற்றினர். அதன் பரபக்கத்து 301 செய்யுட்களில், உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தாரை மறுத்தனர். பௌத்தர் நால்வரும், நிகண்டவாதியும், ஆசீவகனும், மாயாவாதியும் பிறரும் அவரால் மறுக்கப்பட்டனர். அம்மறுப்பு யாண்டும் மென்மையாயிருப்பதன்று. எதிரியை முன்னிலைப்படுத்திக் கடிந்துரைக்கும் இடங்களும், அவன் கூற்றின் பொருந்தாமையை நகைதோன்றக் காட்டும் இடங்களும் உள. நகை மலகுணமாயின் இஃது எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு விடை அந்நூலின் அமைப்பிலேயே உளது. ஒவ்வொரு மதத்தையும் முதற்கண் அம்மதத்தான் கூறுமாறே கூறிப் பின்னரே மறுதலை கூறுகின்றார். உலகாயதன் தன் கொள்கையை உரைக்கும் பகுதியை மட்டும் தனியே படிப்பான் ஒருவன், அஃது உலகாயதன் ஒருவனால் எழுதப்பட்டதென்றே மயங்குதல் கூடும். அத்துணை வலியோடு அது கூறப்பட்டுள்ளது. பிறன் வாதம் முறிதலில் இன்பங் காண்பவன் இவ்வாறு செய்யான். அவன் எதிரியின் கூற்றை எளிதில் முறியத்தக்கதாய்த் திரித்து, முறிந்த பின் நகுவன். தான் கட்டிய பதுமையைத் தானே வீழ்த்தி ஆரவாரிப்பார் செயலே அது. அருணந்தி சிவாசாரியார் எதிரிக்கு முழுவலிமையும் அளித்தே எதிர்நின்றார். காட்சியொன்றே அளவையென்பான் அனுமானத்தைத் துணைக்கொள்ளாது தன் கொள்கையை நாட்டமாட்டாமையும், எல்லாம் கணந்தோறும் கெடுமென்பான் வினைசெய்தானும் பயன் நுகர்வானும் ஒருவனென்று காட்டமாட்டாமையும் அக்கொள்கைகளின் உள்ளிருந்தே எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆண்டு நகை தோன்றுமாயின், அது கூற்றின்மேற் சென்றதேயன்றிக் கூறினான் வீழ்ச்சியைச் சுவைத்து நின்றதன்று.

மேலும் பரபக்கத்தோடு நூல் முடிந்திலது. சுபக்கம் 328 செய்யுட்களில் விரிந்து, மறுக்கப்பட்டார்க்கும் புகலிடமாகும் நெறியை வகுத்துக் காட்டிற்று. வீழ்த்துதலோடு அமைபவன் பரபக்கத்தோடு எழுதுகோலை வைத்திருப்பன். மெய்கண்டதேவர் தம்மைச் சுட்டியதோடு நில்லாது ஏற்றருளியவாறே, மாணாக்கரும் மறுத்தலோடு நில்லாது நெறி காட்டினர்.

அருணந்தி சிவாசாரியார்பால் அருள்பெற்றவர் மறைஞானசம்பந்தர். அவர்பால் அருள்பெற்றவர் உமாபதி சிவாசாரியார். கி. பி. 1313-இல் உமாபதி சிவம் இயற்றிய சங்கற்பநிராகரணமும் பிறர்மதம் கூறி மறுக்கும் நூலே. அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் சைவ உலகிற் கண்டனமும், கண்டனகண்டனமும், மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும் பல தோன்றின. சூறாவளியென்றும் வைரக்குப்பாயமென்றும் நூற்பெயர்களே போர்க்கோலம் பூண்டன. அவற்றாற் சித்தாந்த நுட்பங்கள் பல விளக்கமுற்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் கற்பார் சிலர் நுட்பத்தை மறந்து, இன்னார் இன்னாரை எவ்வாறு வாயடைத்தார் என்பதையே நெஞ்சிற் பதித்துத் திண்ணைகளிற் சொல்லி மகிழ்தல் வழக்கமாயிற்று. மடங்களிலும் கழகங்களிலும் பாடங்கேட்பார், தாம் ஒரு வாதத்தைச் சுவைக்கும்போது எதனைச் சுவைக்கின்றோம் என்று தம்மைத் தாமே வினாவிக்கொள்ளுதல் நலம். தோற்றவர் பெயரை நீக்கிவிட்டுப் படித்தாலும் அச்சுவை எஞ்சுமாயின் அது பொருளின் சுவை. எஞ்சாதாயின் அஃது எட்டனுள் ஒன்று.

அருணந்தி சிவாசாரியார் குருபூசைத் திருநாள் புரட்டாசிப் பூரம். அந்நாளிற் சித்தியார் முற்றோதுவார் பலர். இருபாவிருபஃதையும் உடன் ஓதி, ஆணவத்தின் குணங்கள் கூறப்படும் இடத்துச் சிறிது நின்று, திருவெண்ணெய்நல்லூரில் அன்று சுட்டிய சுட்டு இன்று எவரை நோக்கி நிற்கின்றதென்று சிந்தித்தல் அப்பெருமானுக்குச் செய்யும் வழிபாடாகும்.

மெய்கண்ட சந்தானம் வாழ்க.