சத்திரபதி சிவாஜி மன்னரும் படைவீரர் குடும்பங்களும்

போரில் வென்ற அரசர்க்குப் பரணியும் உலாவும் பாடுதல் நம் நாட்டுப் பெருவழக்கு. போர்க்களத்தில் மாண்ட வீரனது மனையில் அடுத்த திங்கள் அடுப்பெரிந்ததா என்று வினாவிய அரசர் யாவர் என ஆராய்வோர் மிகச் சிலரே. அத்தகைய அரசர் ஒருவர் நம் பிரம்மதேசத்துக்கு அயலதாகிய செஞ்சிக் கோட்டையில் அடிவைத்தவர் என்பது நம் சங்கத்து இளைஞர் பலர் அறியாத செய்தி. செஞ்சி என்றவுடன் நமக்கு நினைவில் வருபவன் தேசிங்குராஜன். அவன் கதையை நம் பாட்டன்மார் இரவெல்லாம் விழித்திருந்து கேட்டனர். தேசிங்கு 1714ஆம் ஆண்டு போரில் மடிந்தான். அதற்கு 37 ஆண்டுகட்கு முன்னரே, 1677இல், மராட்டிய மன்னர் சிவாஜி அக்கோட்டையைக் கைக்கொண்டார். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனத்தார் மராட்டியர் கோட்டைகள் 12ஐ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றனர். அவற்றுள் 11 மகாராட்டிர நாட்டில் உள்ளன, எஞ்சிய ஒன்று நம் செஞ்சியே. அம்மன்னர்தம் வரலாற்றைப் படைவீரர் குடும்பம் என்னும் ஒரு நோக்குக் கொண்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சிவாஜி 1630ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 19ஆம் நாள் சிவநேரிக் கோட்டையிற் பிறந்தார். தந்தையார் சாஹாஜி போன்ஸ்லே, தாயார் ஜீஜாபாய். சாஹாஜி பீஜப்பூர்ச் சுல்தானிடம் படைத்தலைமை பூண்டு பெரும்பாலும் கருநாடகத்தும் தமிழகத்தும் உறைந்தவர். 1648இல் மேலதிகாரி ஒருவரால் அவர் சிறைப்பிடிக்கப்பட்டதும் நம் செஞ்சிப் பாளையத்திலேதான். எனவே மகன் இம்மலையைக் காண்பதற்கு முன்னரே தந்தையின் துன்பத்தால் இதன் பெயரை அறிந்திருந்தார். போர்த்தொழில் புரிவான் ஒருவன் தொலைவில் சிறையுண்டால் மனையிலுள்ளார் படும் பாட்டினைச் சிவாஜி தம் பதினெட்டாம் அகவையிலேயே அன்னையின் முகத்திற் கண்டிருப்பர். ஜீஜாபாய் கணவனைப் பிரிந்து புணே ஜாகீரில் மகனை வளர்த்த தாய். பிற்காலத்து அவர் இயற்றிய விதிகளின் வேர் இவ்விளமைக்கண் உள்ளது என்பது எம் கருத்து.

மாவல் என்னும் மலைநாட்டு இளைஞரைத் திரட்டி ஒவ்வொரு கோட்டையாக அவர் வென்றதும், 1656இல் ஜாவளியைப் பற்றியதும் பள்ளிப் பாடநூல்களிற் காணக் கிடப்பன ஆதலின் விரித்திலம். 1659ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிரதாபகட மலையடியில் பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானை எதிர்கொண்டு கொன்றதும் யாவரும் அறிந்ததே. அந்நிகழ்ச்சியைக் கூறுவோர் புலிநகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். யாம் கூறப் புகுவது அதற்குப் பின் நிகழ்ந்தது.

வென்ற களத்திலே சிவாஜி தம் படையினரைக் கணக்கெடுப்பித்தார். மாண்டவர்க்கு மகன் இருப்பின், தந்தையின் இடத்தில் அவனைப் படையில் அமர்த்தினார். மகன் இல்லாதவிடத்து, மாண்டானுடைய மனைவிக்கு அவன் பெற்றுவந்த ஊதியத்திற் பாதியை வழங்குமாறு ஆணையிட்டார். புண்பட்டார்க்குப் புண்ணின் தன்மை நோக்கி 25, 50, 100, 200 ஹொன் என வகுத்துக் கொடுத்தார். ஹொன் என்பது பொற்காசு. நம் நாட்டார் வராகன் என்று வழங்கியது அதுவே. இச்செய்தியை எழுதி வைத்தவர் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் என்னும் மராட்டிய அவைக்களத்தார்.

இதன்கண் சிறப்பு யாதெனின், கொடையாகவன்றிக் கணக்காகச் செய்தமையே. மனம் இரங்கிய பொழுது அள்ளிக் கொடுத்த அரசர் முன்னும் உளர், பின்னும் உளர். அத்தகைய கொடை அரசன் முகம் பார்த்து நிற்போர்க்கே கிட்டும். தொலைவிலுள்ள சிற்றூரில் குழந்தையோடு அழுதுகொண்டிருப்பாளுக்குக் கிட்டாது. பாதி ஊதியம் என்று விதி செய்துவிட்டால் அவள் இரக்க வேண்டுவதில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தாற் போதும். குறையும் இல்லாமலில்லை. பெண்மக்களை மட்டும் பெற்றவன் மாண்டால் அப்பெண்களுக்கு யாது வழி என்பது அவ்விதியில் தெளிவாக இல்லை. அக்காலத்து நீதி ஆண்மக்களையே நோக்கிற்று.

1660ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதனினும் ஆழமானது. பன்ஹாளாக் கோட்டையில் முற்றுகையுண்ட சிவாஜி மழையிரவில் வெளியேறி விசாலகடம் நோக்கி விரைந்தார். பகைவர் பின்தொடர, பாஜி பிரபு தேசபாண்டே என்பார் பாந்தல் குடியினராகிய வீரரோடு ஒரு கணவாயை அடைத்து நின்று, தலைவர் கோட்டை சேரும்வரை பொருது மாண்டார். அவரோடு மாண்டவருட் பலர் ஒரே பள்ளத்தாக்கினர். ஒரே நாளில் எத்தனை வீடுகள் இருண்டிருக்கும் என்பதை நம் போன்ற சிற்றூரார் எளிதில் உணர்வர். அதுகாறும் மாவல் தலைவருள் அவையில் முதல் மரியாதை பெறும் உரிமை ஜேதே குடியினர்க்கு இருந்தது. சிவாஜி அம்முதன்மையைப் பாந்தல் குடிக்கு அளிக்க விரும்பி, ஜேதே தலைவரிடம் உசாவினர் என்றும், அவர் மறுக்காது தம் உரிமையை விட்டுக்கொடுத்தனர் என்றும் மராட்டிய நாட்டார் வழங்குவர்.

கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று வழக்காடி மன்றம் ஏறும் நாம் இதனைச் சற்று நின்று எண்ணுதல் தகும். ஒரு குடி தன் பிள்ளைகளை இழந்தது. அயற்குடி தன் மரியாதையை விட்டுக்கொடுத்துத் துணைநின்றது. அரசன் பொன்னாற் செய்ய முடியாததை அயலார் பெருந்தன்மையாற் செய்தனர்.

1670இல் சிம்மகட மலையை இரவில் ஏறி வென்று உயிர்நீத்த தானாஜி மாலுசரே, தம் மகன் திருமணத்தை ஒத்திவைத்துப் போருக்குச் சென்றவர் என்பது வழக்கு. அத்திருமணத்தை மன்னரே முன்னின்று நடத்தினர் என்றும் கூறுவர்.

அவர் படையை அமைத்த முறையும் அறியத்தக்கது. தலைவர்க்கு நிலத்தை மானியமாக விடுத்து அவர்வழிப் படைதிரட்டும் பழைய முறையை இயன்றவரை ஒழித்து, வீரர்க்குக் கருவூலத்திலிருந்தே ஊதியம் கொடுத்தார். கோட்டை ஒவ்வொன்றிலும் ஹவால்தார், சப்னீஸ், காரகானீஸ் முதலிய அதிகாரிகள் இருந்தனர். அவர் யாவரும் ஒரே குலத்தினராக இருத்தலாகாது என்பது விதி. மலையடியிற் காவல்புரிந்த ராமோசி, மகார், கோளி முதலிய குடியினர்க்கு அவ்விடத்தே நிலம் அளித்தார். விஜயதசமியை ஒட்டிப் புறப்படும் படை எட்டுத் திங்கள் வெளிநாட்டில் உழன்று, மழைக்காலத்தில் வீடு திரும்பும். உழவும் குடும்பமும் கெடாதிருக்க இவ்வொழுங்கு. சிப்ளூண் பாளையத்து அதிகாரிகட்கு விடுத்த திருமுகத்தில், குடிமக்களின் தானியத்தையும் புல்லையும் காய்கறியையும் விலை கொடாது எடுத்தலாகாது என்று கடுமையாக எழுதினர். படையும் ஊரும் பகையாகிவிட்டால் வீரன் மாண்டபின் அவன் மனையாளுக்கு ஊரார் எங்ஙனம் துணையாவர் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

ஈண்டு நம் சங்கத்தார்க்கு ஒன்று கூற விழைகின்றோம். நம் பக்கத்து ஊர்களில் படையிற் சேர்ந்தோர் பதினைந்து பதினேழு ஆண்டு பணிசெய்து, நாற்பது அகவைக்குள் வீடு திரும்புகின்றனர். ஓய்வூதியம் வருகின்றது, உண்மை. அவர் மறைந்தபின் படைவிடுப்புப் புத்தகம் எந்தப் பெட்டியில் உள்ளது, ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பன வீட்டார்க்குத் தெரிவதில்லை. ஆதாரில் ஓர் எழுத்து, ஆணையில் வேறோர் எழுத்து; அதனால் திங்கள் பல கழிகின்றன. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று காட்ட வேண்டும் என்பதை அறியாது தொகை நின்றுபோன மூதாட்டியர் உளர். விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கின்றது. ஆயினும் அங்குச் செல்லும் வழிச்செலவுக்கும் துணைக்கும் ஆள் இல்லை. சிவாஜி செய்தது போன்ற விதி நம் நாட்டில் இன்று உண்டு. விதிக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள வழியைத்தான் ஊரார் போட வேண்டும்.

நம் கல்விநிதி நம் மரபினர்க்கே என்பது சங்க விதி. அதனை மாற்றுமாறு யாம் கேட்கவில்லை. படைவீரர் குடும்பங்களைப் பற்றிய பதிவேடு ஒன்றையாவது தெருப் பாகுபாடின்றி எழுதலாமன்றோ? அயல் தெருச் சங்கத்தார், கிராம நிர்வாக அலுவலர், அஞ்சலகத்தார், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் என ஐவர் கூடினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலை அது. எல்லையில் ஒரே குழியில் உறங்கிய இருவர் மனைவியர் ஊரில் இருவேறு சங்கங்களின் வாயிலில் நிற்பது நமக்குச் சிறப்பன்று. 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அன்று மாணவர் உண்டியலில் இடும் காசோடு நம் கடமை தீர்ந்ததெனக் கொள்ளுதல் எளிது.

வரலாற்றுக்கு மீள்வாம். 1665இல் புரந்தர் உடன்படிக்கையால் 23 கோட்டைகளை முகலாயர்க்கு விட்டதும், 1666இல் ஆக்ராவிலிருந்து தப்பியதும், 1674ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் ராய்கடத்தில் முடிசூடியதும் கடந்து, 1677க்கு வருவோம். கோல்கொண்டாச் சுல்தானோடு உடன்பாடு செய்துகொண்டு தென்னாடு போந்த சிவாஜி, செஞ்சியைப் பீஜப்பூர் அதிகாரியிடமிருந்து பெற்றார். திருவதியில் ஷேர்கான் லோடியை முறியடித்தார். கொள்ளிடக் கரையில் தம்பி ஏகோஜியைக் கண்டார். வேலூர் முற்றுகை நீண்டு அடுத்த ஆண்டே முடிந்தது. செஞ்சி மதில்களைப் புதுக்கி அகழியும் கொத்தளமும் வகுத்ததை அக்காலத்து ஏசு சபைப் பாதிரியாரும் வியந்து எழுதினர்.

புகழ் மட்டும் கூறி விடுதல் முறையன்று. அப்படையெடுப்பில் நம் தென்னார்க்காட்டு மக்களிடம் பெருந்தொகை திறை கொள்ளப்பட்டது. சூரத்து வணிகர் 1664இல் பட்ட துன்பத்தையும் மறைத்தற்கில்லை. சிப்ளூண் திருமுகம் எழுதிய கையே அவற்றையும் செய்தது. தம் நாட்டு உழவனுக்குக் காட்டிய பரிவை அயல்நாட்டானுக்கு அவர் முற்றும் காட்டினாரல்லர்.

மாண்டார் குடும்பத்தைப் பேணுதல் தமிழர்க்குப் புதிதன்று. செங்கம் முதலிய இடங்களிற் கிடைத்த நடுகற்கள் பல்லவர் காலத்தன. வீரன் சிந்திய குருதிக்கு ஈடாக அவன் வழியினர்க்கு விட்ட நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது. அந்நிலத்தை விட்டவர் அரசர் மட்டுமல்லர், ஊரவையாரும் விட்டனர். மராட்டியருள் பேஷ்வாக்கள் காலத்தில், களத்தில் வீழ்ந்தார் மக்களை வளர்த்தற்குப் பால்பரவேசி என்னும் உதவி வழங்கப்பட்டது. முறை நாட்டுக்கு நாடு பெயர் வேறுபடினும் பொருள் ஒன்றே.

சிவாஜி 1680ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் ராய்கடத்தில் மறைந்தார். ஒன்பது ஆண்டுகளில் அவர் நாடு முகலாயரால் சூழப்பட, இளைய மைந்தர் ராஜாராம் மாறுவேடத்தில் தென்றிசை போந்து செஞ்சியைத் தலைநகராக்கினார். 1690 முதல் சுல்பிகார்கான் படை மலையைச் சூழ்ந்தது. அம்முற்றுகைக் காலத்தே ராஜாராமின் வேண்டுகோளால், முன்னர் யாம் கூறிய சபாசத், சிவாஜியின் வரலாற்றை எழுதினார். மாண்டான் மனைவிக்குப் பாதி ஊதியம் என்னும் செய்தி ஏட்டில் ஏறியது ராய்கடத்தில் அன்று, நம் செஞ்சியில். 1697ஆம் ஆண்டு இறுதியில் ராஜாராம் கோட்டையினின்றும் தப்பினார். 1698 தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. சபாசத் எழுதிய நூல் மராட்டிய நாடு சேர்ந்து இன்றும் கிடைக்கின்றது.