லூயிஸ் சல்லிவன்: வானளாவிய கட்டடங்களுக்கு வடிவம் தந்தவர்

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி சிகாகோ நகரின் விடுதி அறை ஒன்றில் காலமானபோது, நண்பர்களின் உதவியிலேயே வாழ்ந்து வந்தார். ஆயினும், உயரமான அலுவலகக் கட்டடம் எவ்வாறு தோற்றமளிக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் தெளிவான விடை கண்டவர்களில் முக்கியமானவராக அவர் கருதப்படுகிறார்.

1856ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், அயர்லாந்தைச் சேர்ந்த தந்தைக்கும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாய்க்கும் அவர் பிறந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓராண்டு மட்டுமே பயின்றார். 1873இல் சிகாகோ சென்றார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் நிகழ்ந்த பெருந்தீயில் அழிந்திருந்த அந்நகரம், அப்போது மீண்டும் கட்டியெழுப்பப்பட்டு வந்தது.

எஃகுச் சட்டகமும் மின்தூக்கியும்

சுவர்களே எடையைத் தாங்கிய காலத்தில், கட்டடம் உயர உயர அடிச்சுவர் தடிக்க வேண்டியிருந்தது. எஃகுச் சட்டகம் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டது. மின்தூக்கி மேல்தளங்களுக்கும் வாடகை மதிப்பைத் தந்தது. பொறியியல் இவ்வாறு மாறிவிட்டாலும், கட்டடங்களின் தோற்றம் பழைய ஐரோப்பிய பாணிகளின் ஒட்டுவேலையாகவே நீடித்தது.

இந்த முரண்பாட்டையே சல்லிவன் எதிர்கொண்டார். டாங்க்மார் ஆட்லருடன் இணைந்து அவர் உருவாக்கிய வெயின்ரைட் கட்டடம், 1891இல் செயின்ட் லூயிஸ் நகரில் எழுந்தது. பத்து மாடிகளே கொண்ட அதன் நெடுந்தூண்கள் இடையீடின்றி மேலெழுந்து, உயரத்தை மறைக்காமல் வெளிப்படுத்தின. 1896இல் பஃபலோ நகரில் நிறைவடைந்த 13 மாடிக் கட்டடம் இதன் முதிர்ந்த வடிவமாகும்.

அதே ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்றில், ஒரு பொருளின் பயனே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்ற கொள்கையை அவர் முன்வைத்தார். பின்வந்த நவீனக் கட்டடக் கலைஞர்கள் பலர், அலங்காரமற்ற கட்டடங்களுக்கு இக்கொள்கையை ஆதாரமாகக் காட்டினர். ஆனால் சல்லிவனோ கொடியும் இலையுமாகப் பின்னிய சுடுமண் அலங்காரங்களில் தேர்ந்தவர். வெயின்ரைட் கட்டடத்தின் வெளித்தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றினுள் எஃகே கிடையாது. அவை தோற்றத்துக்காக மட்டும் வைக்கப்பட்டவை. பயன் என்று அவர் கருதியதில், கட்டடம் மனிதனிடம் எழுப்பும் உணர்வும் அடங்கியிருந்தது.

சரிவு

1893ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி கட்டுமானத் தொழிலை முடக்கியது. அதே ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி, கிரேக்க, ரோமானிய பாணி மீதான மோகத்தைப் பெருக்கியது. 1895இல் ஆட்லர் பிரிந்து சென்றார். வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவதில் அவருக்கிருந்த திறன் சல்லிவனுக்கு இருக்கவில்லை. 1909இல் தமது உடைமைகளையே அவர் ஏலத்தில் விற்க நேர்ந்தது. இறுதிக்காலத்தில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிற்றூர் வங்கிகளின் பணிகளே. எனினும் 1908இல் மின்னசோட்டா மாநிலத்தின் ஓவடோனாவில் அவர் அமைத்த வங்கி, அவரது சிறந்த படைப்புகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அவரிடம் பயின்று, பின்னர் உலகப் புகழ் பெற்றவர் ஃபிராங்க் லாய்ட் ரைட். இருவரும் 1893இல் மனக்கசப்புடன் பிரிந்தனர். பிற்காலத்தில் சமரசமாகி, ரைட் தமது ஆசானுக்குப் பண உதவியும் செய்தார்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தனது தங்கப் பதக்கத்தை 1944இல், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவருக்கு வழங்கியது. அந்த அங்கீகாரமும் அவரது கட்டடங்களைக் காக்கப் போதுமானதாக இருக்கவில்லை. 1972இல் சிகாகோ பங்குச்சந்தைக் கட்டடம் இடிக்கப்பட்டபோது, அதன் அலங்காரப் பகுதிகளை மீட்க முயன்ற புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் நிக்கல் இடிபாடுகளில் சிக்கி உயிரிழந்தார். அக்கட்டடத்தின் வணிகக் கூடம் பின்னர் சிகாகோ கலைக்கழகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற குரல் அந்நகரில் வலுப்பெற, சல்லிவனின் கட்டடங்களுக்கு நேர்ந்த அழிவும் ஒரு காரணமாயிற்று.