கைகளைக் கழுவச் சொன்னவர்

நுழையும்முன்
மருத்துவமனையில் இறப்பு விகிதம் கூடுவதற்கு நோயாளியின் உடல்நிலை மட்டுமே காரணமன்று. அவர் சேர்க்கப்படும் பிரிவு, அவரைத் தொடும் கை, அங்குள்ள நடைமுறை ஆகியனவும் காரணமாகலாம். இவ்வுண்மையை எண்களின் துணைகொண்டு நிறுவிய மருத்துவர் ஒருவரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

இளமையும் கல்வியும்
இக்னாஸ் செம்மல்வைஸ், 1818ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், அங்கேரி நாட்டின் புடா நகரில் வணிகர் குடும்பமொன்றில் பிறந்தார். சட்டம் பயில வியன்னா சென்றவர், மருத்துவத்தின்பால் ஈர்க்கப்பட்டு 1844இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

இரு பிரிவுகள்
அம்மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 4010 மகப்பேறுகளுக்கு 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3754 மகப்பேறுகளுக்கு 105 பேரே இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது பேறுகாலக் காய்ச்சல். முதற்பிரிவில் சேர்க்க வேண்டாமென மண்டியிட்டு மன்றாடிய பெண்களைக் கண்டு அவர் மனம் நொந்தார்.

காரணம் தேடிய பயணம்
காற்றில் பரவும் நச்சே காரணம் என்றனர் சிலர். ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அமைந்த இரு பிரிவுகளில் ஒன்றை மட்டும் அந்நச்சு தாக்குவது எங்ஙனம்? இட நெருக்கடி என்றனர் வேறு சிலர். நெருக்கடி மிகுந்திருந்தது இரண்டாம் பிரிவிலேதான். பெண்களின் வறுமையும் உடல்மெலிவும் காரணமாகக் கூறப்பட்டன. ஆனால், நாள் மாற்றி நாள் என்னும் முறையில் சேர்க்கப்பட்டதால், இரு பிரிவுகளுக்கும் வந்தோர் ஒத்த நிலையினரே. மருத்துவமனையை அடையுமுன் வழியிலேயே குழந்தை பெற்றவர்களைக்கூட இக்காய்ச்சல் அவ்வளவாகப் பற்றவில்லை.

இறக்கும் தறுவாயில் இருப்போர்க்கு இறுதிச் சடங்கு செய்யவரும் பாதிரியாரின் மணியோசை ஏனைய பெண்களை அச்சுறுத்துகிறதோ என ஐயுற்று, அவர் மணியொலியின்றி வேறு வழியில் வர ஏற்பாடு செய்தார். இரண்டாம் பிரிவில் உள்ளதுபோல் பெண்களைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மகப்பேறு பார்க்கச் செய்தார். இறப்பு குறையவில்லை.

நண்பரின் மறைவு
1847இல் அவருடைய நண்பர் கோலெட்ஷ்கா உயிரிழந்தார். பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலைக் கீறியதே காரணம். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள், காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை புலப்பட்டது. மருத்துவரும் மாணவரும் பிணவறையிலிருந்து நேரே மகப்பேற்றுப் பிரிவுக்கு வந்தனர். பிணத்தின் நுண்துகள்கள் அவர்தம் கைகளில் ஒட்டியிருந்தன. மருத்துவச்சிகளோ பிணக்கூறாய்வில் ஈடுபடுவதில்லை. உயிர்காக்க நீண்ட கைகளே, தம் கைகளும் உட்பட, உயிர் பறித்தன என்னும் கொடிய உண்மையை அவர் மறைக்காமல் ஏற்றார்.

எண்கள் காட்டிய உண்மை
1847 மே மாதத்தில், பெண்களைத் தொடுமுன் அனைவரும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வேண்டுமென ஆணையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த இறப்பு, ஜூலையில் ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. எனினும், அவ்வாண்டின் பிற்பகுதியில் சீழ்வடியும் புற்றுநோயுற்ற பெண்ணொருத்தியைச் சோதித்தபின் அடுத்தடுத்துச் சோதிக்கப்பட்ட பலர் மாண்டனர். உயிருள்ள உடலிலிருந்தும் நஞ்சு பரவும் என அறிந்த அவர், ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பின்னரும் கைகழுவுதலைக் கட்டாயமாக்கினார். 1848இல் முதற்பிரிவில் 3556 மகப்பேறுகளுக்கு இறந்தோர் 45 பேர் மட்டுமே.

புறக்கணிப்பும் புகழும்
ஹெப்ரா போன்ற சிலர் துணைநின்றபோதும், மருத்துவர் கைகளே நோய் பரப்பின என்பதைப் பலர் ஏற்கவில்லை. நுண்ணுயிர்க் கொள்கை நிலைபெறாத காலமாதலால், கைகழுவுதல் ஏன் பயன் தருகிறதென முழுமையாக விளக்க அவராலும் இயலவில்லை. தம் ஆய்வை விரிவாக எழுதி வெளியிடவும் காலம் தாழ்த்தினார். 1849இல் அவரது பணி நீட்டிக்கப்படவில்லை; மறு ஆண்டு பெஸ்ட் நகருக்குத் திரும்பினார். அங்கும் கைகழுவும் முறையால் இறப்பைக் குறைத்தார். தம் நூலை வெளியிட்டபின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. தம்மை எதிர்த்தோர்க்குக் கடுஞ்சொற்கள் நிறைந்த மடல்களை எழுதினார். அவை பகையையே வளர்த்தன. மனநலம் குன்றி, வியன்னாவில் மனநலக் காப்பகமொன்றில் சேர்க்கப்பட்ட அவர், 1865 ஆகஸ்டு 13இல், காயத்தின் வழியே குருதியில் நஞ்சேறி, தமது 47ஆம் வயதில் இறந்தார். எந்நோயை எதிர்த்துப் போராடினாரோ அதனை ஒத்ததே அவர் உயிரையும் கவர்ந்தது.

பின்னர் லூயி பாஸ்டர், ஜோசப் லிஸ்டர் ஆகியோரின் ஆய்வுகள் அவர் கண்டதன் மெய்ம்மையை விளக்கின. புடாபெஸ்ட் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இறப்பை விதியென்று எண்ணி அமைதி கொள்ளாமல், எங்கே, எவர்க்கு, எச்சூழலில் நிகழ்கிறது என எண்ணிப் பார்த்தமையே அவர் மருத்துவ உலகுக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் ஆகும்.