சவேரியாருக்குச் செய்த வைத்தியம்

நெல்லைச் சீமையில் உள்ள கடற்கரை ஊர் உவரி. அங்கிருந்து கடலோரமாக வடகிழக்கே சுமார் 20 கிலோ மீட்டர் போனால் மணப்பாடு. அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு குகை இருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் அதில் தங்கினார் என்று அந்தப் பகுதி மக்கள் சொல்வார்கள்.

இன்றைய ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில், ஒரு கோட்டையில் 1506-ம் ஆண்டு பிறந்தவர் அவர். பாரீஸ் நகரில் படித்தார். அங்கேயே பாடமும் சொல்லிக் கொடுத்தார். பிறகு துறவியாகி, 1542-ல் கோவா வந்தார். அதே ஆண்டில் முத்துக்குளிக்கும் கடற்கரைக்கு வந்தார்.

கடும் வெயிலில் மணலில் நடந்து, ஊர் ஊராகப் போனார். தமிழ் ஜெபங்களை மனப்பாடம் செய்து சொன்னார். நோயாளிகள் இருந்த வீடுகளிலிருந்து ஓயாமல் ஆள் வரும். எல்லா வீட்டுக்கும் போக முடியாமல், ஜெபம் சொல்லச் சிறுவர்களை அனுப்பி வைத்தார்.

அவரே நோயில் விழுந்தது வெகு தூரத்தில்.

1549-ல் ஜப்பான் போய்த் திரும்பியவர், அடுத்துச் சீனாவுக்குப் போக விரும்பினார். 1552-ல் சீனக் கரைக்கு அருகே உள்ள சான்சியன் தீவில் வந்து இறங்கினார். அக்கரைக்கு அழைத்துப் போகும் படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. குளிர்தான் வந்தது.

நவம்பர் 21-ல் காய்ச்சல் கண்டது. கப்பலில் போய்ப் படுத்தார். ஆட்டம் தாங்க முடியவில்லை. மறுநாளே கரைக்குத் திரும்பினார். போர்த்துக்கீசிய வியாபாரி ஒருவர் இரக்கப்பட்டுத் தம் குடிசையில் இடம் கொடுத்தார்.

அங்கே அவருக்கு வைத்தியம் நடந்தது. நரம்பைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். சவேரியார் மயங்கி விழுந்தார். மறுநாள் மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் மயக்கம். பிறகு ஆகாரம் என்றாலே குமட்டியது. டிசம்பர் 3-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 46. கூடவே இருந்து கவனித்தவர் அந்தோணி என்ற சீன வாலிபர். அந்தக் கடைசி நாட்களைப் பற்றி எழுதி வைத்தவரும் அவர்தான்.

ரத்தம் எடுத்தவர்களுக்கு அவர் மேல் பகை கிடையாது. பாசம்தான். காய்ச்சல் என்றால் உடம்பில் ரத்தம் மிகுந்துவிட்டது. அதைக் குறைக்க வேண்டும் என்பது அன்றைய ஐரோப்பிய வைத்தியம். முதல் தடவை மயங்கியதும் நிறுத்தியிருக்கலாம். ஆனால், நோயாளி படுத்திருக்கும்போது சும்மா இருப்பதற்கு யாருக்கு மனம் வரும்? ரத்தம் எடுக்காவிட்டால் பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. நோய் கடுமையானது. அதில் பட்டினியும் குளிரும் சேர்ந்திருந்தன. அப்படிப்பட்ட உடம்பிலிருந்துதான் ரத்தத்தை எடுத்தார்கள்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1799-ல் தொண்டை வீங்கியது. ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் எடுத்தார்கள். அன்று இரவே இறந்தார். அவருக்கோ பெரிய வைத்தியர்கள் மூன்று பேர்!

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் லூயி என்ற வைத்தியர். அதுவும் சவேரியார் படித்த அதே பாரீஸ் நகரில். நுரையீரல் காய்ச்சல் வந்த 77 பேரை அவர் எடுத்துக்கொண்டார். முதல் நான்கு நாளுக்குள் ரத்தம் எடுக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்திருந்தார்கள். தாமதமாக எடுக்கப்பட்ட 36 பேரில் இறந்தவர்கள் 9 பேர்.

லூயியின் புத்தகம் வெளிவந்தது 1835-ல். சவேரியார் இறந்து 283 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகும் காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்கும் வழக்கம் உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறைந்தது.