அதே மாருதி 800 என்ஜின்... ஆனா ரேஸ் கார்! யார் இந்த கோவை கரிவரதன்? மலைப்பாதையில் கார் ஓட்டுவோருக்கு அவர் சொல்லும் பாடம் என்ன?

கூடலூரில் இருந்து ஓவேலி பக்கம் கார் ஓட்டிப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நேர் ரோடு ரொம்பக் குறைவு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். மழைக்காலம் என்றால் குழியும் சேறும் கூடுதல். இந்த மாதிரி ரோட்டில் கார் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது பெரிய விஷயமே இல்லை. வளைவில் பிடித்து நிற்குதா என்பதுதான் விஷயம்.

அதனால்தான் மலைப்பகுதியில் கார் வைத்திருக்கும் பலருக்கும் ஒரு கேள்வி இருக்கு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றி, காரைக் கொஞ்சம் தாழ்த்தினால் வளைவில் நன்றாக நிற்குமா?

இந்தக் கேள்விக்கான பதிலை, மலைக்குக் கீழே கோவையில் ஒருவர் 1980-களிலேயே செய்து காட்டினார். அவர்தான் எஸ்.கரிவரதன். மோட்டார் பந்தய உலகில் எல்லோருக்கும் அவர் 'கரி'.

பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை

கரி பிறந்தது 1954-ல். கோவையின் பழமையான பஞ்சாலைகளில் ஒன்றான லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அவர் மனசு போனது ரேஸ் கார்கள் பக்கம்.

அதற்குக் கோவை தோதான ஊர். பஞ்சாலை, பம்ப்செட், பவுண்டரி, லேத் பட்டறை என்று ஊர் முழுக்க இரும்போடு பழகியவர்கள். ஒரு பாகத்தை வரைந்து கொடுத்தால் வார்க்கவும் கடையவும் ஆள் கிடைக்கும்.

சோழவரம் காலம்

அன்றைக்குத் தமிழ்நாட்டில் கார் ரேஸ் என்றாலே சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. அதில்தான் பந்தயம் நடந்தது. கரியும் அங்கே ஓடியவர்தான்.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி செய்ய வரியும் கட்டுப்பாடும் ஏகப்பட்டது. பணக்காரர்களால்தான் முடியும். மற்றவர்கள் கையில் இருக்கும் பழைய காரை மாற்றி அமைத்து ஓட்ட வேண்டும். திறமை இருந்தும் பணம் இல்லாத பையனுக்கு அங்கே இடமே இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சில வருஷத்திலேயே ஊருக்கு ஊர் அந்த கார், ஊருக்கு ஊர் அதன் ஸ்பேர் பார்ட்ஸ். கரிக்கு வழி கிடைத்தது அங்கேதான்.

1988: பார்முலா மாருதி பிறந்த கதை

1988-ல் கரி உருவாக்கிய ஒற்றை இருக்கை ரேஸ் கார்தான் பார்முலா மாருதி. என்ஜின் என்ன தெரியுமா? மாருதி 800-ல் இருக்கும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின்தான். கியர்பாக்ஸும் அதே மாருதியுடையது.

அப்போ எது மாறியது? எலும்புக்கூடு மாறியது.

வீட்டு மாருதியில் என்ஜின் முன்னால் இருக்கும். முன் சக்கரங்களே இழுக்கவும் வேணும், திரும்பவும் வேணும். கரியின் காரில் என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது. இரும்புக் குழாய்களை இணைத்துச் செய்த சட்டம். ஓட்டுநர் கிட்டத்தட்ட தரையை ஒட்டி உட்காருவார்.

இதனால் என்ன லாபம்? ஒன்று, எடை தாழ்ந்துவிடுகிறது. உயரமான சுமை ஏற்றிய லாரி வளைவில் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். எடை தாழ்ந்தால் அந்தச் சாய்வு குறையும், நான்கு டயரும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு, சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் விறைப்பாக இருந்தால்தான் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தங்கள் வேலையைச் செய்ய முடியும். சட்டமே வளைந்து கொடுத்தால், எவ்வளவு விலை உயர்ந்த சஸ்பென்ஷன் போட்டாலும் வீண்தான்.

எல்லோர் காரிலும் ஒரே வகை என்ஜின் என்பதால், பணத்தைக் கொட்டி ஜெயிக்கும் வழி சுருங்கியது. காரை யார் சரியாகச் செட் செய்கிறார், வளைவில் யார் சரியாக ஓட்டுகிறார் என்பதே போட்டியானது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய டிராக்கில் போட்டிகள் தொடங்கியதும், இந்த கார்களுக்கு உண்மையான வளைவுகளும் கிடைத்தன.

விட்டுப்போன சொத்து

அந்த பார்முலா மாருதியில் தொடங்கிய பையன்களில் ஒருவர்தான் கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓடி, பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

அதைப் பார்க்கக் கரி உயிரோடு இல்லை. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தபோது, வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தய டிராக்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் கரி மோட்டார் ஸ்பீட்வே.

சரி, நம்ம காருக்கு இது சரிப்படுமா?

கரியின் கார் சொல்லும் பதில் இதுதான்: சேசிஸ், சஸ்பென்ஷன் மாறினால் கையாளும் விதம் கட்டாயம் மாறும். ஆனால் அது ஒரு பாகத்தை மட்டும் மாற்றி வந்ததில்லை. வழவழப்பான டிராக்குக்காக, முழு காரையும் சேர்த்து யோசித்துச் செய்தது. மலை ரோடு அப்படி இல்லை.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினால், சக்கரம் மேலும் கீழும் போக இடம் குறையும். குழியில் இறங்கினால் அடி நேராக பாடிக்கு வரும். ரொம்ப இறுக்கமான ஸ்பிரிங் போட்டால், மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத டயர் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் திரும்பாது. வளைவுச் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரை அளவுக்கு மீறித் தடிமனாகப் போட்டால், ஒரு சக்கரம் குழியில் விழும்போது எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் அது ஆட்டிவிடும்.

அப்போ முதலில் என்ன செய்யணும்?

* டயர். ரோட்டைத் தொடுவது அது மட்டும்தான். தேய்ந்த டயரோடு எந்த அப்கிரேடும் பலிக்காது. காற்று அளவும் சரியாக இருக்கணும்.
* ஓடித் தேய்ந்த ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ்களை மாற்றுவது. பழைய கார் புதுசு போல நிற்க, பல நேரம் இதுவே போதும்.
* வீல் அலைன்மென்ட் பார்ப்பது.
* இதற்கு மேலும் வேணும் என்றால், உங்கள் காருக்கென்றே தயாரித்த, ஸ்பிரிங்கோடு பொருந்தும் நல்ல ஷாக் அப்சார்பர்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் பணம் பெறுவதிலும் சிக்கல் வரலாம்.

கரி தன் காரை ஓட விட்டது, எதிரே லாரியோ பஸ்ஸோ வராத டிராக்கில். ஓவேலி ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் வரலாம், தோட்ட வேலை முடிந்து நடந்து வருபவர்கள் இருக்கலாம். அங்கே கார் நன்றாக நிற்பது, வேகத்தை வளைவுக்கு முன்பே குறைப்பதில்தான் தொடங்குகிறது.